தகப்பன் வரும்வரை நடக்காத பிள்ளைகள்

வைகாசி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, முற்பகல். இடம், மன்னார் தீவில் எங்கள் வீட்டு விறாந்தை. என் மகள் சுகந்தியின் குழந்தை அமலி, கதிரைக் காலைப் பிடித்திருந்த கையை விட்டு, யன்னல்வரை தனியாக நடந்தாள். யன்னலடியில் இருந்துகொண்டாள். அழவில்லை. சுகந்தி வங்கியில் வேலையில் இருந்தாள். குழந்தையின் தகப்பன் யூட் கட்டாரில் இருந்தான். வீட்டில் இருந்தவன் நான் ஒருவனே. அவள் எழுந்து நின்றதிலிருந்து கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். படத்தை உடனே தாய்க்கும் தகப்பனுக்கும் அனுப்பினேன்.

இந்தப் பதிவில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. மலைநாட்டு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை ஒன்றில் குழந்தை உளவியல் கற்பித்த காலமெல்லாம் மாணவர்களை இப்படித்தான் எழுதச் சொன்னேன். கண்டதை எழுதுங்கள், கருதியதை எழுதாதீர்கள் என்பேன். ஆனால் அன்று பின்னேரத்திலிருந்து இந்தச் சில வரிகளை நினைக்கும்போதெல்லாம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் எங்கள் ஒழுங்கையில் குடியிருப்பவர் அல்லர். அது எனக்கு வசதி.

படம் போன சற்று நேரத்தில் யூட்டிடமிருந்து பதில் வந்தது. "மாமா, வீடியோ திறக்குதில்லை. லைன் சரியில்லைப் போல. பரவாயில்லை, நான் வந்து பாக்கிறன்." மாத முடிவில் அவன் விடுமுறையில் வருகிறான். தொழில்நுட்பக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பினேன். "இப்பவும் திறக்குதில்லை மாமா" என்றான். எனக்கு ஒருவித ஆசிரியப் பிடிவாதம் உண்டு. கடைசி வாங்கில் இருக்கிற மாணவனுக்கும் விளங்கும்வரை விடமாட்டேன். கோப்பின் அளவைக் குறைத்து அனுப்பும் வழியைத் தேடிப் படித்து, மூன்றாம் முறையும் அனுப்பி, 'இப்போது நிச்சயம் திறக்கும்' என்று கீழே எழுதினேன். அதற்கு அவன் ஒரு கும்பிடு மட்டும் அனுப்பினான். நன்றி சொல்கிறான் என்று மகிழ்ந்தேன்.

சுகந்தி பதில் எழுதவில்லை. வேலை அதிகம் என்று நினைத்தேன்.

பின்னேரம் ரோசலின் வந்தாள். ரோசலின் என் மனைவி எமிலியாவின் தங்கை. தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். எதிர்வீட்டில் இருக்கிறாள். எமிலியா காலமான நாளிலிருந்து பொரித்த மீனோ சொதியோ மூடிய கோப்பையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பெரும்பாலும் ஒன்றும் பேசாமல் போய்விடுவாள். அன்று கோப்பையை மேசையில் வைத்த சத்தமே வேறுமாதிரி இருந்தது.

"அத்தான், என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?"

"என்ன?"

"பிள்ளை நடந்ததாம். படமெடுத்து உலகத்துக்கெல்லாம் அனுப்பினனீங்களாம்."

"உலகத்துக்கு இல்லை. தாய் தகப்பனுக்கு."

"ஓம், அவைக்குத்தான் அனுப்பக்கூடாது! எனக்கு அனுப்பியிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பெடியன் திறக்குதில்லை எண்டு சொன்னா, திறக்கேல்லை எண்டுதான் இருக்கோணும். மூண்டாந்தரமும் அனுப்பிறதே? விசரே உங்களுக்கு?"

எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. பட்டங்கள் பெற்ற ஒருவன் தன் வீட்டு விறாந்தையில், பொரித்த மீன் மணக்க, ஒன்றும் விளங்காமல் நிற்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ரோசலின் என்னைப் பார்த்தாள். கோபம் இறங்கிவிட்டது போலிருந்தது. கதிரையை இழுத்து இருந்தாள்.

"அக்கா உங்களுக்குச் சொல்லவே இல்லையோ?" என்றாள்.

நான் நறுவிலிக்குளத்தான். வயற்காரக் குடும்பம். எங்கள் ஊரில் தகப்பன் வரம்பில் நிற்பான், குழந்தை வீட்டில் விழுந்தால் அழுகை வரம்புவரை கேட்கும். யாரும் யாருக்காகவும் எதையும் எடுத்து வைக்க வேண்டிய தேவை இல்லை. எமிலியாவும் ரோசலினும் அரிப்பு என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர்கள். அங்கே காற்று மாறினால் ஆண்கள் வலையும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு வேறு கரைக்குப் போய், கொட்டில் போட்டு மாதக்கணக்கில் தங்கித் தொழில் செய்வார்கள். வாடிக்குப் போவது என்று அதற்குப் பெயர். தகப்பன் வாடியில் இருக்கும்போது பிள்ளைக்குப் பல் முளைக்கும், கால் வரும், வாய் திறக்கும். ஆனால் முளைத்தது, வந்தது, திறந்தது என்று யாரும் சொல்வதில்லை. தகப்பன் வந்து, அவன் கண்முன்னே நடக்கிறபோதுதான் பிள்ளை நடந்ததாகக் கணக்கு. அதற்கு முன்பு கண்டவர்கள் காணாதவர்கள். தாய் மீன் விற்கப் போன நேரத்தில் பிள்ளை நடந்தால் தாய்க்கும் சொல்வதில்லை. அன்றிரவு அவள் தானாகவே காணட்டும் என்று விட்டுவிடுவார்கள். வீதியில் ஓடுகிற பிள்ளைக்கு எதிரே சைக்கிளில் வரும் பங்குச் சுவாமியார்கூட வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டு போவாராம்.

"சுவாமியார் பொய் சொல்லலாமோ?" என்று கேட்டேன். நேரத்தைக் கடத்துவதற்காகக் கேட்ட கேள்வி.

"பாக்காமப் போறது பொய்யே, அத்தான்?"

அதற்குமேல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் இருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அப்ப, சுகந்தி?"

ரோசலின் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எமிலியாவின் இறுதிச் சடங்குக்குப் பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

சுகந்தி பிறந்த காலத்தில் நான் மலைநாட்டில் இருந்தேன். இரண்டு பேரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருந்தோம். திருமணமான புதிதில், ஏதோ தேநீர் ஊற்றுகிற பேச்சைப் போல எமிலியா சொன்னாள்: "செலவை நீங்கள் பாருங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்." எனக்கு அது நியாயமான பங்கீடாகப் பட்டது. பால்மா, மருந்து, உடுப்பு, பின்னாளில் பள்ளிக்கூடம், புதுநன்மைக்கு வெள்ளை உடுப்பு என்று எல்லாவற்றுக்கும் மாதம் தவறாமல் காசுக்கட்டளை அனுப்பினேன். பாரமான பாதி என்னுடையது என்றே எண்ணினேன். 'மிச்சம்' என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று யோசிக்கவில்லை.

விடுமுறையில் வரும்போது ஒரு பயணப்பையில் கரட்டும் லீக்ஸும் தேயிலையும் கொண்டுவருவேன். அந்தப் பையில் ஈரமண்ணும் தேயிலையும் கலந்த ஒரு மணம் எப்போதும் இருந்தது. வீட்டுக்குள் வைத்தவுடன் கருவாட்டு மணத்தோடு சண்டைக்கு நிற்கும். சுகந்திக்கு ஒரு வயது கடந்த வேளையில் சண்டை காரணமாகப் பாதையை மூடிவிட்டார்கள். வவுனியாவுக்கு அப்பால் போக வழியில்லை. மாதக்கணக்காகக் காத்திருந்து, திறந்த முதற்கிழமையே, வருகிறேன் என்று தந்தி அடித்துவிட்டுப் புறப்பட்டேன். பை நிறைய வாடிய கரட்.

வந்து முகம் கழுவி இருந்த கையோடு எமிலியா குழந்தையை விறாந்தையின் மறுகரையில் நிறுத்தினாள். "இஞ்சேருங்கோ, இவள் இண்டைக்கு நடப்பாள் போல கிடக்கு" என்றாள். சுகந்தி தள்ளாடித் தள்ளாடி என்னிடம் வந்து சேர்ந்தாள். நான் அழுதேன். அதன்பின் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் காலில் இருந்த செருப்பைப் பார்த்தேன். அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக இருந்தது. "வளருற பிள்ளைக்கு எண்டாலும் இவ்வளவு பெரிசா வாங்குவினமோ? என்ர காசுக்கட்டளையை இப்பிடியே செலவழிக்கிறீர்?" என்று எமிலியாவைக் கடிந்துகொண்டேன். அவள், "அடுத்தமுறை பாத்து வாங்கிறன்" என்றாள். அவ்வளவுதான்.

"அது வாங்கின செருப்பே இல்லை, அத்தான்," என்றாள் ரோசலின். "பக்கத்து வீட்டுப் பெடியன்ர செருப்பு. உங்கட தந்தி என்ர கையாலதானே வந்தது. அண்டைக்கே ஓடிப்போய் இரவல் வாங்கினது. உங்கட மகள் அப்ப ஒழுங்கை முழுக்க ஓடித் திரியிறாள். கழுதைக்குப் பின்னால ஓடுவாள். ஓடுற பிள்ளையை நடக்கப் பழக்கிறது லேசான வேலையே? அக்கா யோசிச்சு யோசிச்சுப் பாத்திட்டு, பெரிய செருப்பைக் கொழுவினாத் தள்ளாடுவாள் எண்டு கண்டுபிடிச்சவ."

எதிரேயிருந்து சிரிப்பு வந்துகொண்டிருக்க, நான் வேறொன்றைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் உங்களிடம் மறைக்கப்போவதில்லை. சுகந்தி 'பிந்தி நடந்தது' எனக்கு அப்போது ஓர் ஆராய்ச்சிப் பொருளாகப் பட்டது. மணல் நிலத்தில் வளரும் குழந்தைகளுக்குக் காலூன்ற உறுதியான தரை இல்லை, ஆகவே அவர்கள் தாமதித்தே நடக்கிறார்கள் என்று ஒரு கருத்தை உருவாக்கிக்கொண்டேன். விரிவுரையில் சொன்னேன். ஆண்டுதோறும் சொன்னேன். 'என் சொந்த மகளிடம் நேரில் கண்டது' என்று அழுத்தி வேறு சொன்னேன். என்னிடம் படித்த ஆசிரியர்கள் மலையிலும் கரையிலும் இன்று பல பள்ளிக்கூடங்களில் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் மணலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது. உண்மையில் மணலில் ஒரு பிழையும் இல்லை. பிழை வவுனியாப் பாதையில் இருந்தது, ஒரு இரவல் செருப்பில் இருந்தது.

ஆசிரியர் அறையில் நான் இன்னும் மோசம். வீட்டிலிருந்து கடிதம் வந்து, பிள்ளை நடந்துவிட்டதாம், நான் காணவில்லை என்று யாராவது முகம் வாடினால், "விடுமுறையைத் திட்டமிட்டு எடுக்க வேண்டும்" என்பேன். "என் பிள்ளைகளின் முதற்பல், முதலடி, முதற்சொல் எல்லாவற்றையும் நானே நேரில் பார்த்திருக்கிறேன். செலவில் மட்டும் பங்கெடுத்தால் போதாது." இப்படி ஒரு மனிதனோடு ஒரே அறையில் தேநீர் குடித்த அந்த நல்லவர்களை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

"முதற்சொல்லும்?" என்று கேட்டேன்.

"றெஜியின்ர முதற்சொல்லு 'அப்பா' இல்லை, அத்தான். 'கழுதை'. உங்களுக்கு அதைச் சொல்லேலுமே?"

றெஜி எங்கள் மகன். ரொறன்ரோவில் இருக்கிறான். பொறியியலாளன். அவனுக்கு இந்தச் செய்தி மகிழ்ச்சியைத் தரும் என்றே நினைக்கிறேன். ஆனால் அவனைப் பற்றி ரோசலின் சொன்ன அடுத்த செய்தி சிரிப்பில் சேராது. அவளும் அதைச் சிரிக்காமல்தான் சொன்னாள்.

றெஜிக்கு நான் பல தடவை சொன்ன ஒரு கதை உண்டு. உயிர்த்த ஞாயிறு காலை, கோயில் மணி அடிக்கும் வேளையில், நீ நடந்தாய் என்பேன். அவனுக்கு அது பெருமை. தன் நண்பர்களுக்கும் சொல்லியிருக்கிறான்.

"ஞாயிறு இல்லை," என்றாள் ரோசலின். "முதல் நாள் சனி பின்னேரம். நீங்கள் மேசையில சோதனைப் பேப்பர் திருத்திக்கொண்டு இருந்தனீங்கள். அக்கா அவனைக் கதவடியில விட்டுப்போட்டு, ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ எண்டவ. நீங்கள் 'பிறகு' எண்டனீங்கள். அவன் தன்ரபாட்டில நடந்து வந்து உங்கட சாரத்தைப் பிடிச்சு இழுத்தவன். நான் குசினி வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். அவனுக்கு நாங்கள் ஒண்டும் பழக்கேல்லை, அத்தான். சுகந்தி மாதிரி இல்லை. மெய்யாவே அதுதான் முதல்."

"நான் என்ன செய்தனான்?"

"தூக்கி அக்காட்டைக் குடுத்திட்டு, 'பிள்ளையைப் பிடியும், மை கொட்டப் போகுது' எண்டனீங்கள்."

மேலும் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. நான்தான் கேட்டேன். எமிலியா குழந்தையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் வந்தாளாம். அடுப்பை ஊதினாளாம். பிறகு தங்கையிடம், "இண்டைக்கு நீ ஒண்டும் காணேல்லை" என்றாளாம். மறுநாள் காலை பூசை முடிந்து வந்து, நான் சிவப்பு மையை மூடிவைத்தபின், அதே கதவடியில் அவனை மீண்டும் நிறுத்தினாள். கோயில் மணி அப்போதுதான் அடித்தது.

வினோதம் என்னவென்றால், அந்த மாலையில் என் கண்ணுக்கு ஒன்றும் எட்டவில்லை, சாரத்துக்கு எட்டியிருக்கிறது. ரோசலின் சொன்னவுடனே முழங்காலுக்குக் கீழே ஒரு சின்னக் கை துணியைப் பிடித்து இழுத்த பாரம் எனக்கு நினைவுக்கு வந்தது. யாருடைய விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன் என்று நினைவில்லை. இழுத்த பாரம் மட்டும் இருக்கிறது. மற்ற எல்லா முதல்களும் எனக்காக எடுத்து வைக்கப்பட்டவை. தானாக வந்த ஒன்று அதுதான். அதற்கு நான் சொன்ன சொல் 'மை'.

ரோசலின் எழுந்தாள். "சுகந்தி எனக்கு ஃபோன் எடுத்தவள். பாங்கில கவுண்டரில இருந்து பாத்திட்டு, ரொய்லெற்றுக்குள்ள போய் நிண்டு அழுதவளாம். அப்பாவை ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ சின்னம்மா எண்டவள். அக்கா இருந்திருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டன். நான் சொன்னதாக் காட்டிக்கொள்ளாதேங்கோ." கோப்பையைச் சுட்டி, "மீனைச் சூட்டோட சாப்பிடுங்கோ" என்றுவிட்டுப் போனாள்.

சுகந்தி வழக்கமான நேரத்துக்கு வந்தாள். கைப்பையை வைத்தாள், முகம் கழுவினாள், தேநீர் போட்டாள். என் தொலைபேசியில் அவளுக்கு அனுப்பிய படத்தின் கீழே இரண்டு நீலச் சரிக்குறிகள் இருந்தன. பார்த்துவிட்டாள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனாலும், இத்தனை கேட்ட பின்னும், பழக்கம் விடவில்லை.

"நான் அனுப்பினது பாத்தனீரோ, பிள்ளை?"

"இல்லையப்பா. ஃபோன் மேசை லாச்சிக்குள்ள கிடந்தது. ஏன், என்ன விசேஷம்?"

கேட்ட முகத்தில் ஒரு குறையும் இல்லை. எமிலியாவின் முகம் அது. முன்பு எத்தனை தடவை அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்து நம்பியிருக்கிறேன்.

"ஒண்டுமில்லை. சும்மா," என்றேன்.

அமலி கதிரைக் காலைப் பிடித்து எழுந்து நின்றாள். தாயைக் கண்ட உற்சாகத்தில் ஒரு கையை விட்டாள். மற்றக் கையையும் விடப்போனாள். சுகந்தி தேநீரை வைத்துவிட்டு ஓடிப்போய், அவள் அடி எடுத்து வைக்கும் முன்பே அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கைக்கெட்டும் தூரத்தில் வந்த தன் பங்கை அவள் எடுக்கவில்லை. படத்தில் கண்டதோடு அதை முடித்துக்கொண்டாள். மாத முடிவில் வருகிறவனுக்காக.

"நடக்கப் பாக்கிறாள் போல கிடக்கப்பா. காலுக்கு இன்னும் பலமில்லை, என்ன?"

குழந்தை வளர்ச்சி பற்றி முப்பது ஆண்டு விரிவுரை செய்தவனின் அபிப்பிராயம் கேட்கப்பட்டது.

"ஓம்," என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும்."

அவள் என்னைப் பார்க்காமல் குழந்தையின் தலையை முகர்ந்தாள். நான் தேநீரைக் குடித்தேன். சீனி போட மறந்திருந்தாள். சொல்லவில்லை.

அரிப்பில் இப்போது வாடிக்குப் போகிறவர்கள் குறைவு. போகிறவனின் மடியிலும் தொலைபேசி இருக்கிறது. பிள்ளை நடந்தால் அவன் வலை இழுத்தபடியே பார்த்துவிடுகிறான். எங்கள் ஒழுங்கையில், சுகந்தி கழுதைக்குப் பின்னால் ஓடியதைக் கண்டும் காணாததுபோல் இருந்தவர்கள் இன்று பெரும்பாலும் இல்லை. சிலர் படகேறித் தமிழ்நாட்டு முகாமுக்குப் போனார்கள். அவர்களில் திரும்பி வந்தவர்கள் வேறு இடங்களில் வீடு கட்டினார்கள். செருப்பு இரவல் தந்த குடும்பம் எங்கே என்று ரோசலினுக்கும் தெரியாது. வேலிகள் மதிலாகிவிட்டன. மதிலுக்குள் நடக்கிற பிள்ளையைக் காண்பதற்கே ஆளில்லை. கண்டும் காணாமல் போவதற்கு எங்கே ஆள்? இத்தனை பேரும் சேர்ந்து எனக்காகக் காத்து வைத்திருந்த ஒன்றை, என் சொந்தத் திட்டமிடலின் பயன் என்று சொல்லித் திரிந்தேன். அவர்களில் ஒருவர்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் முன்பே விளங்கியிருக்கும்.

செய்யாமல் கிடப்பவை:

மூன்று முறை அனுப்பிய படத்தை அழிப்பது. வழி தெரியும். கை போகவில்லை.

மணலைப் பற்றிய கருத்து பிழை என்று, முகவரி தெரிந்த பழைய மாணவர்களுக்காவது எழுதுவது.

ஞாயிறு அல்ல, சனி என்று றெஜிக்குச் சொல்வது. சொல்லாமல் விடுவதா என்றும் தீர்மானிக்கவில்லை.

எமிலியாவின் ஆண்டுப் பூசைக்கு முன்பு ஒருநாள் அவள் அடங்கியிருக்கும் சேமக்காலைக்குத் தனியே போய் நிற்பது.

யூட் வந்திறங்கும் அன்று, அமலி அவனை நோக்கி நடக்கும்போது, முதன்முறை காண்பவனின் முகத்தோடு பக்கத்தில் நிற்பது. எமிலியா அதை எப்படிச் செய்தாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.